எந்தப் பிள்ளை

எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் ஆறு கட்டில், ஆறு தொட்டில். பிள்ளை பெற்ற பிறகு மனம் குழம்பிப்போன தாய்மாரைக் குழந்தையோடு சேர்த்தே வைத்துப் பராமரிக்கிற இடம். தாயை ஒரு பக்கமும் குழந்தையை ஒரு பக்கமுமாகப் பிரித்தால் இரண்டு பேருமே வாடிப்போவார்கள் என்பதால்தான் இப்படி ஒரு வாட்டே இருக்கிறது. புதிதாக வருகிற தாதிப் பிள்ளைகளுக்கு இதை வாய் நோகச் சொல்லிக் கொடுத்தவள் நான். சொல்லிக் கொடுத்த வாய்க்குத்தான் பிறகு வெட்கம்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு நாங்கள் எல்லாரும் ஒன்றுதான். வெள்ளை உடுத்தவர் மிஸ்ஸி, கழுத்தில் குழாய் தொங்கினால் டொக்டர், மிச்சப் பேர் 'உங்கை நிக்கிற ஆக்கள்'. உள்ளே ஆளுக்கொரு எல்லை இருக்கிறது. டொக்டர் கிழமைக்கு இரண்டு தரம் பெரிய சுற்று வருவார். மருந்தும் முடிவும் அவருடையவை. சமூகப் பணியாளர் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் புருசன்மாரோடும் மாமிமாரோடும் கதைத்து, நாய்க்குத் தப்பி, வெயிலில் கறுத்துத் திரும்புவார். துணியும் நூலும் கொண்டுவந்து தாய்மாரின் கைக்கு வேலை கொடுக்கிற தங்கச்சி ஒருத்தி காலையில் மட்டும் வருவாள். தாதிகள் நாங்கள் மருந்து கொடுப்போம், பால் கொடுக்கப் பழக்குவோம், நித்திரையைக் கவனிப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதுவோம். யார் அழுதாள், எவ்வளவு நேரம் அழுதாள், குழந்தையின் முகத்தைப் பார்த்தாளா, பார்த்துச் சிரித்தாளா, ஒன்றும் விடாமல் எழுத வேண்டும். எழுதாதது நடக்கவில்லை என்பது ஆஸ்பத்திரி வேதம்.

எங்கள் சிற்றூழியர் அக்காவுக்கு எழுத்து வேலை இல்லை. கடதாசியில் அவருடைய வேலை நிலம் துடைப்பது, தேத்தண்ணி கொண்டுவருவது, அழுக்குத் துணியைச் சலவைக்கு அனுப்புவது. கடதாசிக்கு வெளியே, குஞ்சு, குஞ்சு என்று கொஞ்சிக் குழந்தைகளைக் குளிக்க வார்ப்பது அவர். தலை இழுக்க மனமில்லாமல் சிக்குப் பிடித்துக் கிடக்கிறவளை வாங்கில் இருத்தி எண்ணெய் வைத்துச் சிக்கெடுப்பது அவர். சாப்பிட மாட்டேன் என்கிறவளுக்குச் சோற்றைக் குழைத்து உருட்டிக் கையில் வைப்பதும் அவர்தான். செவ்வாயும் வெள்ளியும் காலையில் நாங்கள் மேசையைச் சுற்றியிருந்து ஒவ்வொரு தாயைப் பற்றியும் கதைப்போம். அக்கா எங்களுக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். நீங்களும் இருங்கோ என்று யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

அந்த மாதம் எனக்கு உடம்பில் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இரண்டு தாதிகள் வெளிநாடு போய்விட்டார்கள். போகட்டும், நல்லாயிருக்கட்டும். ஆனால் அவர்களுடைய டியூட்டி பிளேன் ஏறவில்லை, இங்கேதான் கிடந்தது. மிஞ்சினவர்கள் பங்கு போட்டுக்கொண்டோம். விடிய மானிப்பாயிலிருந்து வருகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே நித்திரை கொள்ளப் பழகியிருந்தேன். "அம்மா, நீங்கள் இப்ப வாறியளோ, இல்லாட்டில் போறியளோ?" என்று என் மகள் பகிடி விடுவாள். சிரிக்கக்கூடச் சோம்பலாக இருக்கும். களைப்பைச் சாட்டுச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லுகிறபோது அதையும் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

அந்த மாதம் வந்து சேர்ந்தவள் ஒரு இணுவில்காரி. முன்பள்ளியில் படிப்பித்தவள். தலைப்பிள்ளை, பெண் குழந்தை, பிறந்து நாற்பது நாளும் ஆகவில்லை. புருசன் கொடிகாமத்திலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு லொறி ஓடுகிறவன். கிழமையில் ஐந்து நாள் தெருவில்தான் சீவியம். அவளுடைய தகப்பன் பாரிசவாதத்தில் கட்டிலோடு. அவரை விட்டுவிட்டுத் தாயால் வாட்டில் வந்து நிற்க முடியவில்லை. ஞாயிறு பின்னேரம் சாப்பாட்டுக் கரியரோடு ஓடி வந்து, ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு ஓடிப்போவார். வாட்டில் கொண்டுவந்து சேர்த்தவர் கொடிகாமத்தில் இருக்கிற மாமியார். ஊருக்குப் 'பிரஷர்' என்று சொல்லி வைத்திருப்பதாக என் காதுக்குள் சொன்னார். "பெத்தவளுக்கு வைக்கிற சரக்குக்கறியை ஒழுங்காய்த் திண்டு பத்தியம் காத்திருந்தால் இப்பிடி வந்திருக்குமே, மிஸ்ஸி?" என்றும் கேட்டார். அந்த மனுசி கெட்டவரில்லை. அவருக்குத் தெரிந்த நோயும் மருந்தும் அவ்வளவுதான்.

அவள் அழுகிற ரகம் இல்லை. அழுதால் எங்களுக்குச் சுகம்; எழுதிவிடலாம். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய் சாப்பிடுவாள், நித்திரை கொள்ளச் சொன்னால் கண்ணை மூடுவாள். ஆனால் குழந்தை சிணுங்கினால் மாத்திரம் அவளுடைய கை தானாகப் போய்விடும். நாங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தூக்கி மார்பில் போட்டுக்கொண்டு மறுபடியும் சுவரைப் பார்ப்பாள். அவளிடம் நாங்கள் கண்ட ஒரே நல்ல குறி அதுதான், நானே அதை இரண்டு தரம் எழுதியிருக்கிறேன்.

கைபேசிகள் எங்கள் மேசை லாச்சிக்குள் இருக்கும். பின்னேரம் பத்து நிமிடம் எடுத்துக் கொடுப்போம். மேசைக்குப் பக்கத்தில் நின்றே கதைக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை பின்னேரம் அவள் தாயோடு கதைத்துக்கொண்டு நின்றாள். நான் ஆறு பேருக்கும் மருந்துக் குளிசை பிரித்துக்கொண்டிருந்தேன். "ஓம் அம்மா. சாப்பிட்டனான். இல்லை அம்மா." பிறகு மறுபக்கம் தாய் என்னவோ நெடுநேரம் கதைத்தார், இவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில் குரல் எழும்பாமல் சொன்னாள்.

"பிள்ளை இனி வராதம்மா. பிள்ளை இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதிதானே."

போனைத் துடைத்து என்னிடம் தந்துவிட்டுக் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அந்த நேரமே எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்க வேண்டும். அதுதான் என் வேலை, அதற்குத்தான் எனக்குப் படிப்புத் தந்தார்கள். ஆனால் மருந்து நேரம். கடைசிக் கட்டில்காரி சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்பதென்றால் அரை மணித்தியாலம் வேண்டும், எழுதுவதற்கு அரை நிமிடம் போதும். எழுதினேன். எங்கள் ரிப்போட் இங்கிலீசில். அவள் பிள்ளை என்று சொன்னாள், நான் பேபி என்று எழுதினேன். பேபி இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி என்று குழந்தையின் தாய் சொல்கிறார். கையெழுத்து, நேரம். எழுதி முடிந்ததும் ஒரு பொறுப்பான காரியம் செய்த திருப்திகூட எனக்கு வந்தது.

இரவு டியூட்டித் தாதி அதை வாசித்துவிட்டுத் தொட்டிலைத் தன் மேசைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். அடுத்த நாள் செவ்வாய். டொக்டர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். குழந்தைக்கு ஆபத்து வரலாம் என்றால் யோசித்துக்கொண்டிருக்க ஏலாது. தாய் தேறும்வரை குழந்தையை மாமியார் கொண்டுபோகட்டும் என்று முடிவாயிற்று. சமூகப் பணியாளர் கொடிகாமத்துக்குப் போன் எடுத்தார். வாடகைக்கு வான் பிடித்துக்கொண்டு மத்தியானத்துக்குள் வருகிறேன் என்றார் மாமியார். அக்கா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்க வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒருவரும் தங்கள் வேலையில் பிழை விடவில்லை. எழுதியிருந்ததை நம்பினார்கள்.

டொக்டர் அவளிடம் மெதுவாகத்தான் சொன்னார். "கொஞ்ச நாளைக்கு மாமியோடை இருக்கட்டும் அம்மா. நீங்கள் நல்லாய் நித்திரை கொண்டு தேறலாம்."

"நான் என்ன செய்தனான்?" என்று அவள் கேட்டாள்.

டொக்டர் என்னைப் பார்த்தார். "நீர் ஒண்டும் செய்யேல்லை, பிள்ளை. உமக்கு ஓய்வு வேணும்," என்றேன் நான்.

பிள்ளை என்று என் சொந்த வாயாலேயே அவளைக் கூப்பிட்டேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. குழந்தையை அவளுடைய கையிலிருந்து வாங்கியவளும் நான்தான். தரமாட்டேன் என்று அவள் சண்டை பிடிக்கவில்லை. துவாயைச் சரிசெய்து, தலையைத் தாங்கிப் பிடித்து, ஒழுங்காகத் தந்தாள். எங்கள் அறைக்குள் தொட்டிலைப் போட்டு, மாமியார் வரும்வரை குழந்தையோடு இருக்கச் சொல்லி அக்காவை இருத்தினேன். அவள் தன் கட்டிலில் தனியே கிடந்தாள்.

பதினொரு மணியளவில் அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மிஸ்ஸி, ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக்கூடாது."

"கெதியாய்ச் சொல்லுங்கோ அக்கா, வேலை கிடக்கு."

"உந்தக் குஞ்சை ஏன் பிரிக்கிறியள்? அவ என்ன சொன்னவ?"

அவள் போனில் சொன்னதை அப்படியே சொன்னேன். அக்கா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"எந்தப் பிள்ளையை?"

"எந்தப் பிள்ளையெண்டால்? நீங்கள் வைச்சிருக்கிற பிள்ளையைத்தான்."

"இது குஞ்செல்லோ மிஸ்ஸி. பிள்ளை அவவெல்லோ. தாய் மனுசி அவவைக் கூப்பிடுறதே பிள்ளையெண்டுதான். ஞாயிற்றுக்கிழமை வந்து, 'பிள்ளை, ஒரு வாய் சாப்பிடன். பிள்ளை, அம்மாவை ஒருக்கால் பாரன்' எண்டு மண்டாடினது. பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் தொட்டிலில் கிடப்பதும் பிள்ளை, கலியாணம் கட்டி நாலு பெற்ற மகளும் பிள்ளை. ஐம்பதை எட்டிப் பிடிக்கிற என்னைப் பார்த்து பஸ் கொண்டக்டர், "பிள்ளை, உள்ளுக்குப் போங்கோ" என்கிறான், நானும் போகிறேன். வீட்டில் மூத்த பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் பிள்ளை என்றே கூப்பிட்டுக் கிழவியாக்கிவிடுகிற ஊர் இது. அக்கா நாள் முழுக்க, "பிள்ளை குடிச்சிட்டுது, குஞ்சுதான் இன்னும் குடிக்கேல்லை" என்று சொல்வதைக் கேட்டு, எது தேத்தண்ணி எது பால் என்று பிசகாமல் விளங்கிக்கொள்கிறவள் நான். பேனையைக் கையில் எடுத்ததும் என் தமிழ் எனக்கே மறந்துபோயிற்று.

மேசையை விட்டு எழும்பினேன். நேற்றுப் பின்னேரத்திலிருந்து அத்தனை பேருடைய கண்ணும் தொட்டிலில். தானே இல்லாமல் போக வேண்டும் என்று சொன்னவள் ஒருத்தி தனியே கிடக்கிறாள், அவளிடமிருந்த ஒரே பிடிப்பையும் நான் கையால் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தப் பத்து யார் தூரத்தை நான் நடந்தேனா ஓடினேனா என்று நினைவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தாள். மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கட்டில் விளிம்பில் இருந்தேன். "நேற்று அம்மாவோடை கதைக்கேக்கை, பிள்ளை இல்லாமல் போனால் நிம்மதியெண்டு சொன்னனீர். எந்தப் பிள்ளையை?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்னைத்தான் மிஸ்ஸி. பிள்ளை எப்ப வீட்டை வரும் எண்டு அம்மா கேட்டவ."

"குழந்தையை இல்லையோ?"

"அவளை நான் ஏன் அப்பிடிச் சொல்லப்போறன்?" அதைச் சொல்லும்போதுதான் அவளுடைய கண் கலங்கியதை முதன்முதலாகப் பார்த்தேன்.

"சாகவேணும் போலை இருக்கோ?"

"ஓம்."

"எத்தினை நாளாய்?"

"இஞ்சை வர முன்னமே. வந்த அண்டைக்குக் கேட்டனீங்கள்தான், மாமி பக்கத்திலை நிண்டவ. பேந்து ஒருத்தரும் கேக்கேல்லை. பிள்ளை பால் குடிச்சதோ, பிள்ளை நித்திரையோ எண்டுதான் எல்லாரும் கேட்டனீங்கள்."

அக்காவைக் கூப்பிட்டு அவள் பக்கத்தில் இருத்திவிட்டு, டொக்டரிடம் போய் நான் செய்ததைச் சொன்னேன். அவர் ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "சரி மிஸ்ஸி, மாத்துவம்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவளிடம் வந்து ஒரு மணித்தியாலம் கதைத்தார். மருந்தை மாற்றினார். அவளை ஒரு கணமும் தனியே விடக்கூடாது என்றார். அக்கா அடுத்த வெள்ளிக்கிழமை தொடக்கம் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். "நிலம் ஆர் சேர் துடைக்கிறது?" என்று அக்கா கேட்டது நியாயமான கேள்வி; அதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. அவர் கதிரை நுனியில் இருந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, பிறகு நிலத்தையும் துடைக்கிறார்.

ரிப்போட்டில் எழுதியதை அழிக்கக்கூடாது. குறுக்கே ஒரு கோடு இழுத்து, கீழே இருப்பது வாசிக்கக்கூடியதாக இருக்க, பிழையாக எழுதப்பட்டது என்று பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். கோட்டை இழுத்துச் சரியாக எழுதினேன். மாமியார் வானில் வந்து இறங்கினார். தொட்டிலுக்குப் போடப் புதிதாக ஒரு நுளம்பு வலையும் பால் மாப் பேணியும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். "காலமை எடுங்கோ எண்டுறியள், மத்தியானம் விடுங்கோ எண்டுறியள். நாங்கள் என்ன பந்தே?" என்று சத்தம் போட்டார். ஏச்சை நானே வாங்கிக்கொண்டேன். சமூகப் பணியாளர் அவரை வெளி வாங்கில் இருத்தி நெடுநேரம் கதைத்து, நுளம்பு வலையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். தொட்டிலைத் தள்ளிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் விட்டேன். குழந்தை சிணுங்கியது. அவளுடைய கை போகவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்துப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"தூக்குமன்," என்றேன்.

"வேண்டாம் மிஸ்ஸி. நீங்கள் தூக்குங்கோ."

"அது என்ரை பிழையெண்டு சொன்னனானெல்லோ. உம்மிலை ஒரு பிழையுமில்லை."

"படிச்ச ஆக்கள் நீங்களே பயந்து வாங்கிக்கொண்டு போனனீங்கள். அப்ப என்னட்டை ஏதோ இருக்கத்தானே வேணும்? எனக்குத்தான் தெரியேல்லையோ என்னவோ."

டொக்டர் சொன்னார், நான் சொன்னேன், தாய் வந்து அழுது சொன்னார். பால் கொடுக்கிற நேரம் அக்கா குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்க, இவள் கையை நிலத்துப் பக்கம் தொங்கவிட்டபடி பால் கொடுப்பாள். கிழமைகள் போயின. மருந்து வேலை செய்தது. நித்திரை வந்தது, சோறு இறங்கியது, சுவரைப் பார்ப்பது குறைந்தது. சாக வேண்டும் என்கிற நினைப்பு வரவரத் தேய்ந்துபோனதை அவளே அக்காவிடம் சொன்னாள். மூன்றாம் கிழமை ஒரு காலை, நான் மருந்துத் தட்டோடு வந்தபோது, "மிஸ்ஸி, தூக்கலாமோ?" என்று கேட்டாள். எனக்கு வந்த சந்தோசத்தில் தட்டை எங்கே வைத்தேன் என்றே தெரியாது. தாய் தானாகவே குழந்தையைத் தூக்கினார் என்று எழுதினேன். தானாகவே என்று எழுதியது எவ்வளவு பொய் என்று பிறகுதான் விளங்கியது.

அதன்பிறகு ஒவ்வொரு தரமும் கேட்டாள். என்னிடம் மாத்திரம் கேட்டாள். அக்கா பக்கத்தில் இருந்தால்கூட நான் வரும்வரை பார்த்திருந்து கேட்பாள். மெல்ல மெல்ல அது குறைந்தது, கடைசிக் கிழமையில் அந்தக் கேள்வி என் காதில் விழவே இல்லை. வீட்டுக்கு விடலாம் என்றார் டொக்டர்.

போகிற அன்று புருசன் லொறி வேலையை விட்டுவிட்டு ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்திருந்தான். அவளுடைய தாய் முதலே ஏறிவிட்டார். அவள் தலை இழுத்து, பொட்டு வைத்து, முன்பள்ளி ரீச்சராகத்தான் நின்றாள். அக்காவைக் கட்டிப் பிடித்தாள். என் கையைப் பிடித்து, "போட்டு வாறன் மிஸ்ஸி" என்றாள். அந்த நேரம் புருசனின் கையில் இருந்த குழந்தை வீரிட்டு அழத் தொடங்கியது. அவன் ஆட்டினான், தட்டினான், ஒன்றும் சரிவரவில்லை; அவளிடம் நீட்டினான்.

அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மிஸ்ஸி, தூக்கலாமோ?"

"உம்மடை பிள்ளையெல்லோ. என்னை ஏன் கேக்கிறீர்?" என்றேன்.

"ஓம் மிஸ்ஸி," என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டாமல் நின்றாள். நான் தலையாட்டிய பிறகுதான் தூக்கினாள்.